அரசி எழுதிய சீட்டு

ஒரு மகளிர் கல்லூரி விடுதி. இரண்டாம் மாடியில் நாற்பது பெண்கள். அவர்களுக்குத் தலைவி மூன்றாம் ஆண்டு மங்கையர்க்கரசி, எல்லாருக்கும் அரசியக்கா. அழுகிறவளைத் தேற்றுவது, சண்டையைத் தீர்ப்பது, காய்ச்சல்காரிக்குக் கஞ்சி கொண்டுவருவது எல்லாம் அவள் தலையில். நிர்வாகம் இதற்குச் சேவை என்று பெயர் வைத்திருந்தது. பிறர் உழைப்பை ஓசியில் வாங்குகிறவர்கள் எப்போதும் நல்ல பெயராகத்தான் வைப்பார்கள்.

முதலாம் ஆண்டு ஜெபக்கனி ஒருநாள் அவளிடம் வந்தாள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். விடுதியில் யாருக்கு மனம் சரியில்லை என்றாலும் வார்டன் முதலில் வீட்டுக்குப் போன் போடுவார். ஜெபக்கனியின் அப்பாவோ மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். போன் போனால் படிப்பு முடிந்தது.

அரசி இரண்டு வாரம் தினமும் அவளோடு உட்கார்ந்தாள். ஆய்வகத்துக்குப் போகவில்லை. அரசியின் தட்டில் வைத்த இட்லி காய்ந்து கிடந்தது. புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுதியாடி?" என்று கேட்ட தோழியிடம், வெங்காயம் நறுக்கினேன் என்றாள். அந்த விடுதியில் மாணவிகள் சமையற்கட்டுக்குள் போக முடியாது.

ஜெபக்கனி இளைத்துக்கொண்டே போனாள். மருத்துவரைப் பார்க்க வார்டனிடம் சீட்டு எழுதித் தர வேண்டும்; துணைக்கு ஒருத்தி போகலாம். போன் போனாலும் தன் வீட்டுக்குத்தானே போகும் என்று, ஜெபக்கனி சொன்னதையெல்லாம் அரசி தன் பெயரில் எழுதிக் கொடுத்தாள். துணைக்கு அவளையே கூட்டிப் போனாள்.

மருத்துவர் சீட்டை வாய்விட்டுப் படித்தார். பாதியிலேயே ஜெபக்கனி, "அது நான்தான் டாக்டர்," என்று விம்மினாள். அவர் வார்டனை வரவழைத்தார். இந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது, வைத்தியம் நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டுக்குப் போன் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வார்டனின் கோபம் அரசி மேல் திரும்பியது. "பொய் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கே. நீயெல்லாம் ஒரு தலைவியா?"

"பொய்தான் மேடம். மறுபடியும் எழுதுவேன்."

மருத்துவர் அரசியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்; கீழிமையை இறக்கிப் பார்த்தார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லையேம்மா," என்றார்.

சீட்டு பொய் என்கிறார் வார்டன். எழுதியவளும் அதையே சொல்கிறாள். இல்லை என்கிறார் மருத்துவர். வாசகரே, இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: மருத்துவர் சொன்னதே சரி. அடுத்தவள் நோயை எழுதுவதாக நினைத்துக்கொண்டு அரசி தன் நோயையும் எழுதியிருந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை. நாற்பது பேரைக் கவனிக்க ஒருத்தியை வைத்தவர்கள், அந்த ஒருத்தியைக் கவனிக்க யாரையும் வைக்கவில்லை. மருத்துவர் இருவருக்கும் மருந்து எழுதினார். அன்று மாலையே வேறு மாடியிலிருந்து ஒருத்தியை இரண்டாம் மாடிக்குப் புதுத் தலைவியாக நியமித்துவிட்டார்கள். அவளுக்கு, அரசியையும் சேர்த்து, நாற்பத்தொரு பேர்.