செயின் லாக்கின் வாய்

பால் சொசைட்டியில் சேரும் நாலு ஊர்ப் பாலைக் கேன்களில் ஊற்றி, பைக்கில் கட்டி டவுன் பால் பண்ணைக்குக் கொண்டுபோகிறவள் செண்பகவல்லி. ஒருநாள் செயின் அறுந்துபோச்சு. செயினின் ரெண்டு முனையையும் சேர்க்கிற, ஒரு பக்கம் வாய் திறந்த சின்னக் கிளிப்புதான் லாக். வீட்டு வாசலிலேயே புது லாக் போட்டு மாட்டிக்கொண்டு சொசைட்டிக்கு வந்து நின்றாள்.

சொசைட்டித் தலைவர் தணிகாசலம் தன் புல்லட்டில் சாய்ந்தபடி சொன்னார். "வீட்டுல மாட்டுன செயினை நம்பிப் பாலை ஏத்தச் சொல்றியா? இனிமே இந்த வேலை உனக்கில்ல."

"சரியாத்தான் மாட்டியிருக்கேன் ஐயா."

"அப்போ நிரூபி. ஓட்டிக் காட்டக் கூடாது, கழட்டியும் காட்டக் கூடாது."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் தலை குனிந்தபடியே சொன்னாள். "உங்களுது பெரிய ஒர்க்‌ஷாப்புல மாட்டுனது. ரெண்டு லாக்கையும் செயினோட மேல்பக்கம் கொண்டுவந்து ஒத்துப் பாருங்க ஐயா."

அவர் புல்லட்டை ஸ்டார்ட் பண்ணப் போனார்.

"இஞ்சின் வேண்டாம் ஐயா, விரல் போயிடும். கையால சக்கரத்தைச் சுத்துங்க."

சுற்றிப் பார்த்தவர் துள்ளினார். "பாத்தீங்களா? என் லாக்கோட திறந்த வாய் முன்னால இருக்கு, இவளுது பின்னால இருக்கு. மாத்தி மாட்டியிருக்கா."

செண்பகவல்லி புது லாக் வந்த அட்டையை நீட்டினாள். வண்டி ஓடும்போது மூடின பக்கம்தான் முன்னால் போகணும் என்று அதில் படமே போட்டிருந்தது.

"திறந்த வாய் முன்னால போனா, ஒரு கல்லு பட்டாலும் லாக் தெறிச்சிடும் ஐயா."

தலைவர் அட்டையைப் பார்த்தார், புல்லட்டைப் பார்த்தார். குரல் இறங்கிப்போச்சு. "கேனை ஏத்துங்கப்பா. செண்பகம், இதையும் கொஞ்சம் திருப்பி மாட்டிட்டுப் போயேன்."

"பால் திரிஞ்சிடும் ஐயா. இறக்கிட்டு வந்து மாட்டுறேன். அதுவரைக்கும் நடந்தே போங்க."