அமலோற்பவத்தின் இரண்டு அடுப்பு

அமலோற்பவத்துக்கு வயது முப்பத்தொன்பது. அவளிடம் மீன் சுடப் படிக்க வந்த ததேயுசுக்கு ஐம்பத்தெட்டு. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தக் கடற்கரையில் இல்லை. சிரிக்கட்டுமே. அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள ததேயுசுக்கு நேரம் ஏது, தெம்புதான் ஏது.

மெய்யாகவே களைத்துப்போன மனுசன் அவர். மனைவி பிளாரன்ஸ் வாதம் அடித்துப் படுத்து நாலு வருசம் ஆகிறது. இடது கை மட்டும்தான் அசையும். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் அவர் ஒருத்தர்தான். பிளாரன்சின் தங்கச்சி ரோஸ்லின் பக்கத்து வீடு. தினமும் அடுக்களை வாசலில் வந்து நிற்பாள்.

"அத்தான், ஒரு நேரம் நான் பாத்துக்கிடட்டா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

கேட்டுக் கேட்டு அவளுக்கும் வாய் வலித்திருக்கும். ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. ததேயுஸ் இருபத்திரண்டு வருசம் மஸ்கட்டில் கிடந்தவர். அத்தனை வருசமும் பிள்ளைகளை ஆளாக்கி, கட்டிக்கொடுத்து, வீட்டை நிமிர்த்தி, எல்லாம் பிளாரன்ஸ் ஒத்தையில் செய்தாள். அப்படியிருக்க, இப்போது தானும் ஒத்தையில் செய்வதுதான் நியாயம் என்பது அவர் நினைப்பு. யார் சொல்லியும் அது மாறவில்லை.

மூன்று மாசத்துக்கு முன் ஒரு மத்தியானம் பிளாரன்ஸ் கோணிய வாயால் "சுட்ட மீன்" என்றாள். நாலு வருசத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அவர் நேரே அமலோற்பவம் கடைக்கு வந்து நின்றார்.

கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரும்பு டிரம்மை நெடுக்காக வெட்டிக் காலில் நிறுத்திய இரண்டு அடுப்பு, ஒரு கம்பி வலை, ஒரு பெஞ்சு. விறகைத் தொடமாட்டாள். தேங்காய்ச் சிரட்டைக் கரி மட்டும்தான்.

"விறகு ரொம்பப் பேசும். சிரட்டைக் கரி வாயைப் பொத்திக்கிட்டு வேலை பாக்கும்" என்பாள். அவள் பேசுகிறதும் அவ்வளவுதான்.

முதல் நாளே ததேயுஸ் கேட்டார். "மாஸ்டர், ஒரு அடுப்புதான் எரியுது. ரெண்டாவது எதுக்கு?"

"இருந்து பாருங்க அண்ணே."

எங்கே இருக்க? மூன்று மணிக்கு வந்தால் ஐந்து அடிக்குமுன் எழுந்து ஓடவேண்டும். அங்கே பிளாரன்ஸ் தனியாகக் கிடப்பாள். தினமும் கேட்பார், தினமும் அதே பதில்தான்.

வேலையும் படியவில்லை. கரி கறுப்பாக இருக்கும்போதே மீனை வைத்துவிடுவார். வெளுக்கட்டும் என்பாள் அவள். கையை அனல்மேல் காட்டி 'அருள்நிறைந்த மரியே' சொல்லவேண்டும், பாதிச் செபம் வரை கை தாங்கினால் மீன் வைக்கலாம், அதுதான் அவள் அளவு. ததேயுஸ் அந்தச் செபத்தை மாதாவுக்கே விளங்காத வேகத்தில் சொல்லி முடிப்பார். பிறகு விசிறியை எடுத்து வீசு வீசு என்று வீசுவார். மீன் வெளியே தீய்ந்துபோகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

"கரியை நீங்களே சுட்டுப் பாருங்க" என்று ஒரு தடவை சிரட்டை கொடுத்தனுப்பினாள். டிரம்மில் போட்டு எரிய விட்டு, புகை நீலமானதும் காத்துப் புகாமல் மூடி, மறுநாள்தான் திறக்கவேண்டும். மறுநாள் ததேயுஸ் கொண்டுவந்த சாக்கில் பாதிக்குமேல் சாம்பல்.

"எத்தன தடவ தொறந்து பாத்திய?"

"நாலு. உள்ள என்ன ஆச்சோன்னு இருந்திச்சு."

அவள் சாக்கைத் திருப்பிக் கட்டி ஓரமாக வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மூன்று மணிக்கு வந்த ததேயுஸ் விசிறியைத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அமலோற்பவம் ஒரு விளமீனைக் கீறிக்கொண்டிருந்தாள்.

அவராகவே சொன்னார். "இன்னைக்கு நானே சுட்டு ஊட்டினேன் தங்கச்சி."

எப்போதும் மாஸ்டர் என்பவர் தங்கச்சி என்றதும் அவள் கத்தியை வைத்தாள்.

"கசந்திருக்கும். துப்பிட்டா. என் மூஞ்சியிலயே துப்பிட்டா. நான்..." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "அவ கையில அடிச்சிட்டேன். அசையுத கையில. ஒரு சத்தம் போடல அவ. பாத்துக்கிட்டே இருந்தா."

அடுப்பில் மீன் கொழுப்புச் சொட்டிச் சீறியது.

"அடிச்ச சத்தம் கேட்டு ரோஸ்லின் வந்துட்டா. நான் செருப்புக்கூட போடாம வந்துட்டேன். வர்ற வழியில அந்த இல்லத்துக்குப் போன் போட்டேன். படுக்கையில கெடக்கவங்களப் பாத்துக்கிடுத இல்லம். நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி அனுப்புதாங்களாம்."

"கொண்டு விட்டிருவியளா?"

"வேற என்ன செய்ய? நாலு வருசத்துல ஒரு நாள்கூட அவ மேல எனக்குக் கோவம் வந்ததில்ல. இன்னைக்கு அடிச்சதுக்கப்புறம் உள்ள தேடிப் பாக்கேன், ஒண்ணுமே இல்ல. பாவமா இருக்கான்னா அதுவும் இல்ல. நாளைக்கு மறுபடி அடிக்கமாட்டேன்னு எனக்கே சொல்ல முடியல. இனி நான் அவ பக்கத்துல இருக்கது ஆபத்து." அவர் குரல் தட்டையாக இருந்தது. "எனக்குள்ள எல்லாம் எரிஞ்சு முடிஞ்சுபோச்சா மாஸ்டர்? அத மட்டும் சொல்லுங்க."

அமலோற்பவம் மீனைத் திருப்பிப் போட்டாள். "இருங்க அண்ணே" என்றாள்.

இருந்தார். ஆட்கள் வந்து தின்றுவிட்டுப் போனார்கள். ஐந்து மணி அடித்தது. ததேயுஸ் எழவில்லை. மூன்று மாசத்தில் ஐந்து மணிக்குமேல் அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மடியில் போன் அடித்தது. ரோஸ்லின். அவர் எடுக்கவில்லை, பயம். மறுபடி அடித்தது. அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பேசினாள். ம்ம், சரி, சொல்லுதேன் என்று வைத்தாள்.

"அக்கா கஞ்சி குடிச்சுட்டுத் தூங்குதாளாம். உங்கள மெதுவா வரச் சொன்னா."

ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டார். கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூட அவருக்குக் கை எழவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு அடுப்பு மந்தப்பட்டது. மேலே சாம்பல் கனத்து, மீன் வேகப் பிந்தியது. ததேயுஸ் பழக்கத்தில் விசிறிக்குக் கை நீட்டினார். அவள் விசிறியை எட்ட எடுத்து வைத்தாள். இடுக்கியால் நாலு நெருப்புக் கங்குகளை எடுத்தாள், இரண்டாவது அடுப்பின் மூடியைத் தள்ளி, உள்ளே கிடந்த கறுப்புக் கரியின் நடுவில் வைத்தாள். பிறகு முதல் அடுப்பின்மேல் தகரத்தைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி ஈரச் சாக்கைத் திணித்தாள்.

"உள்ள நெருப்பு இருக்கே. அதப் போய் அணைக்கியளா?" என்றார் ததேயுஸ்.

"அணைக்கல. மூடி வைக்கேன்."

"அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

அவள் இரண்டாவது அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஆறிக் குளிர்ந்து, கனமே இல்லாமல் இருந்தது. நகத்தால் தட்டினார், கணீர் என்றது.

"இது நேத்து எரிஞ்சது. நேத்து இதே நேரம் மூடினேன்."

"இனியும் பிடிக்குமா?"

"பாருங்க."

பார்த்தார். யாரும் வீசவில்லை. நாலு கங்கிலிருந்து பக்கத்துக் கரிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, ஒரு துளிப் புகை இல்லாமல் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. சிவந்தது மெல்ல வெளுத்தது. அவள் கையைக் காட்டச் சொன்னாள். ததேயுஸ் கையைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக, செபத்தைப் பாதிவரை சொன்னார். கை தாங்கியது.

"மூடாம விட்டிருந்தா?" என்று கேட்டார்.

ஓரத்தில் கிடந்த அவருடைய சாக்கைக் கண்ணால் காட்டினாள். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அவர் கையிலிருந்த கரித்துண்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டேயிருந்தார். உள்ளங்கை கறுத்துவிட்டது.

"அடுப்பு சரி மாஸ்டர், மூடலாம். நான் மூடிக்கிட்டு உக்காந்தா அவளுக்கு யாரு? அவளுக்குப் பசிக்குமே. யாரு இருக்கா?"

அமலோற்பவம் வலையை இரண்டாவது அடுப்புக்கு மாற்றினாள். கீறி வைத்திருந்த விளமீனை அதன்மேல் வைத்தாள்.

"மூணு மாசமாக் கேட்டியள்ளா அண்ணே, ரெண்டாவது அடுப்பு எதுக்குன்னு" என்று ரோஸ்லின் கூப்பிட்ட போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.