சாப்பாடு: நன்று

முப்பிடாதி செத்துப்போன அன்று காலை டாக்டர் தவசீலனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எதனால்?

பதின்மூன்று வயதுப் பெண். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடந்ததில்லை, பேசியதில்லை. முதுகெலும்பு வளைந்து வளைந்து, விலா எலும்பு இடுப்பில் போய் முட்டியது. உட்கார வைத்தால் சரிந்துவிடுவாள். ஆபரேஷன் செய்து கம்பி வைத்து நிமிர்த்தினார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்து வார்டே மெச்சியது. மெச்சி என்ன செய்ய? பத்தாம் நாள் தையல் பிரிந்து சீழ் வைத்தது. பதினெட்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

தவசீலன் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் எலும்பு டாக்டராக இருந்தவர். முதுகெலும்பு ஆபரேஷன் கற்றுக்கொள்ள டாக்டர் செங்கமலத்திடம் வந்து சேர்ந்தார். குருவுக்கும் சிஷ்யருக்கும் வயதில் இரண்டே வருஷ வித்தியாசம்.

இறப்பு அறிக்கையை எடுத்துக்கொண்டு செங்கமலத்தின் அறைக்குப் போனார்.

"காரணம்னு போட்டு ஒரு கட்டம் இருக்கு மேடம். எதை எழுதறதுன்னு தெரியலை."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"வளைவு தொண்ணூறு டிகிரிக்கு மேல. வலிப்பு உண்டு. நுரையீரல் பலவீனம். இடுப்பு வரைக்கும் கம்பி இறக்கினோம். ரத்தம் நிறையப் போச்சு."

"இதுல நமக்கு முன்னாடியே தெரியாதது எது?"

தவசீலன் யோசித்தார். "ஒண்ணுமில்லை. எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சோம்."

"எடை?"

"பத்தொன்பது கிலோ. வளைவு இருக்கறதால அப்படின்னு நினைச்சேன்."

"ரத்தத்துல புரதம்? அது குறைஞ்சா தையல் சேராதே."

"பார்க்கச் சொல்லலை மேடம். நல்லா சாப்பிடற பிள்ளைதானேன்னு..."

செங்கமலம் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். 'சாப்பாடு: நன்று' என்று தவசீலனின் கையெழுத்தில் இருந்தது.

"வெளியில அவ அம்மா உட்கார்ந்திருக்காங்க. ஒரு வேளை ஊட்ட எவ்வளவு நேரமாகும்னு கேட்டுட்டு வாங்க."

"இப்பவா? பிள்ளையைப் பறிகொடுத்துட்டு இருக்கறவங்ககிட்டயா?"

"இப்பத்தான்."

தவசீலன் தயங்கித் தயங்கி வெளியே போனார். நடைக்கோடியில் பெஞ்சில் இசக்கியம்மாள் இருந்தாள். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். தவசீலனைக் கண்டதும் எழுந்து நின்றாள். பாவம், அந்த நேரத்திலும் மரியாதை.

"உட்காருங்கம்மா. ஒண்ணு கேக்கணும். பிள்ளைக்கு ஒரு வேளை ஊட்ட எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம் ஆவும் சார். குழைச்சுக் குழைச்சு ஊட்டணும். பாதி வெளிய வந்திரும். பொறை ஏறிட்டுன்னா குனிய வச்சுத் தட்டணும். காலையில ஊட்டி முடிக்கதுக்குள்ள மத்தியானம் வந்திரும். கடைசி ஒரு வருசமா நாலு கரண்டிக்கு மேல இறங்கலை."

"இதை ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னேம்லா சார்." இசக்கியம்மாள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "சாப்பிடவே மாட்டேங்கான்னு முத நாளே சொன்னேன். 'எந்த அம்மாதான் எம்பிள்ளை நல்லா சாப்பிடுதுன்னு சொல்லியிருக்காங்க'ன்னு சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்."

அவள் சொன்னது நிஜம்தான். கன்னம் உப்பிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சாப்பிட மாட்டேங்கிறான் என்று புலம்புகிற தாய்மார்களை அவர் தினமும் பார்க்கிறார். அந்தக் கூட்டத்தில் இவளையும் சேர்த்துவிட்டார். ஐயோ என்றிருந்தது அவருக்கு.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"காரணம்னு என்ன எழுதட்டும் மேடம்?"

செங்கமலம் அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவங்க சொன்னதை முதல்ல எழுதுங்க. அதுக்குக் கீழே நீங்க எழுதினதை எழுதுங்க. அதுக்கும் கீழே நான் கையெழுத்துப் போடறேன். ஆபரேஷன் மேஜையில கிடந்த பிள்ளையோட எலும்பும் தோலும் என் கண்ணுக்குத் தெரிஞ்சது. நான் உங்க எழுத்தை நம்பினேன்."