ஆட்காட்டி கிளையை விட்டு இறங்கிய சாயங்காலம்

பறவைகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆட்காட்டியும் மரத்தில்தான் குடியிருந்தது. அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. கால் மஞ்சளாக இருப்பதால் மஞ்சக்காலி என்பார்கள்.

ஒரு பெரிய கண்மாய். அதன் நடுவே, தண்ணீருக்குள் நிற்கும் பரந்த கருவேலமரம். நாரை, நீர்க்காகம், மடையான் எல்லாம் அதில்தான் கூடு கட்டும். சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை நரி அண்டாது. குஞ்சு பறக்குமுன் கண்மாய் வற்றிவிட்டால், நரி நடந்தே வந்துவிடும்.

அதனால் தை பிறந்ததும், முட்டையிடுவதற்கு முன்னால், எல்லாரும் ஒரு சாயங்காலம் கூடி, தண்ணீர் திறந்துவிடும் இடத்தில் நிற்கும் மடைத்தூணைப் பார்ப்பார்கள். தண்ணீர் அளவு பார்க்கத் தூணில் மேல், நடு, கீழ் என்று மூன்று வெட்டுகள் உண்டு. நடு வெட்டுவரை தண்ணீர் இருந்தால் அங்கேயே முட்டையிடலாம். கீழ் வெட்டுக்கு இறங்கியிருந்தால் வேறு கண்மாய்க்குப் போய்விட வேண்டும். உச்சிக்கிளையில் இருக்கும் கிழட்டு நாரைதான் முதலில் சொல்லும். பிறகு கிளை கிளையாக ஒவ்வொருவரும் "ஆமாம்" சொல்ல வேண்டும். ஆமாம் சொல்லாதவருக்கு மரத்தில் இடமில்லை. மஞ்சக்காலிக்கு அடிக்கிளை. கடைசி ஆமாம் அவளுடையது.

போன வருஷம் தண்ணீர் கீழ் வெட்டில் நின்றதை அவள் பார்த்தாள். நாரை "நடு வெட்டு" என்றது. மரமே ஆமாம் என்றது. இத்தனை பேருக்கும் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்றால் என் கண்ணில்தான் கோளாறு என்று அவளும் ஆமாம் போட்டாள். மாசி முடியுமுன் கண்மாய் காய்ந்தது. நரி வந்தது. அடிக்கிளைதானே அதற்கு எட்டும்? நான்கு குஞ்சுகள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்தத் தையிலும் அவளுக்கு வயிறு கனத்திருந்தது. தூணைப் பார்த்தாள். தண்ணீர் கீழ் வெட்டில் நின்றது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கீழ் வெட்டுதான்.

"நடு வெட்டு நனைஞ்சிருக்கு. தண்ணி போதும்" என்றது நாரை.

"ஆமாம்." "ஆமாம்." சத்தம் கிளை கிளையாக இறங்கி வந்தது. மஞ்சக்காலி பக்கத்தில் இருந்த புருஷனிடம் குனிந்தாள்.

"என்னங்க, உங்களுக்கு எது தெரியுது?"

"எனக்கு என்ன தெரிஞ்சா என்ன? வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. குடியிருக்க வேண்டாமா?"

"குடியிருந்துதானே நாலையும் வாரிக் கொடுத்தோம்."

மேல்கிளை நீர்க்காகம் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி மஞ்சக்காலி, வாயில மீன் முள்ளு மாட்டிக்கிச்சா? சீக்கிரம் சொல்லு, இருட்டப் போகுது."

மஞ்சக்காலி இன்னொரு தடவை தூணைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இல்லை. கீழ் வெட்டு."

மரம் முழுவதும் ஒரே சிரிப்பு. "பெரியய்யாவுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சுடுச்சாம்! இறங்குடி கிளையை விட்டு" என்று கத்தினாள் நீர்க்காகம்.

மஞ்சக்காலி இறங்கினாள். நேராக மடைத்தூணுக்குப் பறந்துபோய், அதன் அடியில் தண்ணீரில் நின்றாள். தண்ணீர் அவள் முழங்காலைக்கூடத் தொடவில்லை. நடு வெட்டு அவள் தலைக்கு மேலே காய்ந்து கிடந்தது.

"நல்லாப் பாருங்க! என்னை நம்ப வேண்டாம், உங்க கண்ணை நம்புங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்திக் கத்திக் கண்ணோரத்துத் தோல் ரத்தமாகச் சிவந்து போனது.

மடையான்தான் முதலில் வாயைத் திறந்தான். "எனக்கும் கீழ் வெட்டுதான் தெரிஞ்சுது..."

"எனக்குந்தான்" என்று முனகினாள் நீர்க்காகம். "எல்லாரும் சொல்றாங்களேன்னு சொல்லிட்டேன்."

கிளை கிளையாக அதே பேச்சு மேலே ஏறியது. கடைசியில் எல்லாரும் நாரையைப் பார்த்தார்கள்.

"பெரியய்யா, அப்போ நீங்க ஒருத்தர்தான் நடு வெட்டைப் பாத்தீங்களா?"

"நான் எங்கே பாத்தேன்?" என்றது நாரை. "எனக்குக் கண்ணு மங்கி மூணு வருஷமாச்சு. குத்துமதிப்பாச் சொல்லுவேன். தப்புன்னா நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்கதான் ஆமாம் ஆமாம்னீங்க."

அன்று இருட்டுவதற்குள் அத்தனை பேரும் வேறு கண்மாய்க்குக் கிளம்பினார்கள். அந்த வருஷம் நரிக்கு ஒரு குஞ்சுகூடக் கிடைக்கவில்லை.

புது மரத்தில் நாரை தன் உச்சிக்கிளையை விட்டுக் கொடுத்தது. "இனிமேல் நீ இங்கே இரு தாயி. நீ முதல்ல சொல்லு, நாங்க கேட்டுக்கறோம்."

மஞ்சக்காலி நிமிர்ந்து நின்றாள். "வேண்டாம் பெரியய்யா. நான் உச்சியில உட்கார்ந்தா நாளைக்கு எனக்கும் இவங்க ஆமாம் போடுவாங்க. எனக்குத் தரை போதும். கண்ணுக்குப் பட்டதைச் சொல்லிட்டுப் போறேன்."

"தரையில நரி வருமே?"

"வரட்டும். வர்றதைப் பாத்து நான் கத்துவேன்."

புருஷனும் அவள் பின்னால் இறங்கி வந்து, கல்லும் சரளையுமாகக் கிடந்த மேட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் அங்கேயே நான்கு முட்டைகளையும் இட்டாள். நான்கும் பொரிந்தன. நான்கும் பறந்தன.

ஆட்காட்டி மரத்தில் உட்காராததும், வெறுந்தரையில் முட்டையிடுவதும், கண்ணோரம் சிவந்திருப்பதும், ஆளையோ நரியையோ கண்டால் ஊரே கேட்கக் கத்துவதும், அதனால் ஆட்காட்டி என்று பெயர் பெற்றதும் அன்று முதல்தான். அது கத்தும்போது மற்றப் பறவைகளைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றுகூட ஆமாம் போடாது. ஒவ்வொன்றும் தலையைத் தூக்கி, தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பறக்கும்.