செல்லம் என்று கூப்பிட்ட எருமை

பனி ஏரியில் மையழகி என்றோர் எருமை இருந்தாள்.

ஏரிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. காலை, மதியம், மாலை என்று எந்நேரமும் அதன்மேல் வெண்பனி படுத்துக் கிடக்கும். கரையில் நிற்கிற மரம் எது, தண்ணீரில் தெரிகிற மரம் எது என்று பறவைகளுக்கே குழப்பம் வரும். அங்கே போகிறவர்களுக்குக் கொட்டாவி நிச்சயம். சொல்லும்போதே எனக்கும் ஒன்று வருகிறது, பாருங்கள்!

மையழகிக்கு ஒரே வேலைதான். ஏரியைக் கடக்க வேண்டியவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் விடுவாள். உடம்பு பாதி நீரில், கண் பாதி மூடி, தொண்டைக்குள் ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டே நீந்துவாள். ஏறியவர்கள் பாதி வழியிலேயே தூங்கிப்போவார்கள். கரை வந்ததும் உடம்பை மெல்லக் குலுக்கி எழுப்பிவிடுவாள்.

அவளுக்கு யாருடைய பெயரும் தெரியாது. ஒருவரிடமும் கேட்டதில்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் கண்ணு, தங்கம், செல்லம், ராசா! கிழட்டு முதலையைக்கூட விடமாட்டாள். "என்ன பட்டு, சாப்பிட்டியா?" என்பாள். முதலை வெட்கப்பட்டுத் தண்ணீருக்குள் போய்விடும்.

ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றிக்கு அக்கரையில் ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் தினமும் போவான், வருவான். ஏனென்றால் மையழகி அவனை "என் பஞ்சே!" என்று கூப்பிடுவாள். காட்டில் மற்றவர்கள் அவனைக் கண்டாலே ஒதுங்கி நடப்பார்கள். முள்ளம்பன்றியைப் பஞ்சு என்று சொல்ல ஒரு மனசு வேண்டாமா? அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவனுடைய முட்கள் எல்லாம் தாமாகப் படிந்துவிடும்.

ஒருநாள் மாலை, பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் மூச்சிரைக்க ஓடி வந்தது. அது தும்பை என்ற சருகுமான்.

சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா? பெயர்தான் மான். உயரம் முயலளவுதான். முழுதாக வளர்ந்து, கல்யாணமாகி, குட்டி போட்ட பிறகும் அவ்வளவுதான். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வேறு. விவரம் தெரியாதவர்கள் பார்த்தால், ஏதோ ஒரு புள்ளிமான் போட்ட குட்டி என்றே நினைப்பார்கள்.

அன்று காலை தும்பை, ஓடை வறண்டு கிடந்த மணல் வழியாக இக்கரைக்கு வந்திருந்தாள். இங்கே அத்திப்பழம் உதிர்ந்து கிடந்தது. தின்றுகொண்டிருக்கும்போதே மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பொங்கி வந்து மணலை மூடிவிட்டது. இனி ஏரியைத்தான் கடக்க வேண்டும்.

"அக்கா! அக்கா! என்னை உடனே அக்கரையில கொண்டுபோய் விடுங்க!"

மையழகி பாதிக் கண்ணைத் திறந்தாள். "அடடே! யாரு இந்தக் குட்டிச் செல்லம்? வழி தவறிட்டியா கண்ணு?"

"வழி தவறலக்கா! மலையில மழை. ஓடை பொங்கிருச்சு. ஏரித் தண்ணியும் ஏறுது. அக்கரை நாணல் பள்ளத்துல என் குட்டி படுத்திருக்கா!"

மையழகி சிரித்தாள். "குட்டிக்கு ஒரு குட்டியா! அம்மா விளையாட்டா செல்லம்?"

"விளையாட்டு இல்லக்கா! நான்தான் அவளுக்கு அம்மா!"

"ஆமாமா, நீதான் அம்மா. பெரிய அம்மா!" மையழகி கரையேறி வந்து, தும்பையின் நெற்றியை நாக்கால் நீவினாள். "பாவம், பயந்து போயிருக்கு. அழாதேடா தங்கம். உன் அம்மா தேடிக்கிட்டு வருவா. அதுவரைக்கும் இந்த அத்தைகிட்ட இரு."

சொல்லிவிட்டுத் தும்பையைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் கழுத்து, நடுவில் கொம்பு. வேலி போட்டதுபோல் ஆகிவிட்டது. தும்பை தாண்டப் பார்த்தாள். ஈர மூக்கு ஒன்று வந்து அவளை மெதுவாக உள்ளே தள்ளியது. இடுக்கில் நுழையப் பார்த்தாள். மறுபடி அதே மூக்கு.

"தண்ணிப் பக்கம் போகக் கூடாது கண்ணு. ஆழம்!"

மையழகி கொடியவள் அல்ல. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். கொடியவளாக இருந்திருந்தால் தும்பை கடித்துவிட்டாவது ஓடியிருப்பாள். நெற்றியை நீவிக்கொண்டே தடுக்கிறவளை என்ன செய்வது?

தினசரி சவாரிக்காகப் பக்கத்தில் காத்திருந்தான் ஈட்டியப்பன். தும்பை அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க! எம் பேரு தும்பை. நான் குட்டி இல்ல. என்னைச் செல்லம், கண்ணுன்னு சொல்லியே உட்கார வச்சுட்டாங்க!"

ஈட்டியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அக்கா அன்பாத்தானே கூப்பிடுறாங்க? செல்லம்னு சொன்னா நீ என்ன தேஞ்சா போயிடுவே? என்னைப் பஞ்சுன்னுதான் சொல்றாங்க. எனக்கு உசுரே அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு!"

"சரி. உங்களைப் பஞ்சுன்னு கூப்பிட்ட பிறகு என்ன செய்றாங்க?"

"அக்கரைக்குப் போகணும்பேன். கொண்டுபோய் விடுவாங்க."

"நானும் அதைத்தானே கேட்டேன்?"

ஈட்டியப்பன் வாயைத் திறந்தான். அப்போதுதான் அவளை உற்றுப் பார்த்தான். அவளுடைய குளம்பு தேய்ந்திருந்தது. காதோரம் பழைய தழும்பு ஒன்று இருந்தது. குட்டிக்கு ஏது பழைய தழும்பு?

"அக்கா, அவங்க சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்களேன்" என்றான்.

"நீ தூங்கு பஞ்சே!" என்றாள் மையழகி, கண்ணைத் திறக்காமலே.

அவன் ஆசை ஆசையாகக் கேட்கிற அதே சொல்தான். ஆனால் அன்று முதல் தடவையாக அது அவன் வாயை மூடியது. இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தான். சொன்னால் நாளைக்குப் பஞ்சு என்று கூப்பிடாமல் போய்விட்டால்? பேசாமல் இருந்துவிட்டான். பாவம், அவனையும் ரொம்பக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பனி கீழே இறங்கியது. கரையோரக் கற்கள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக நீருக்குள் போயின. மையழகியின் முனகல் அவளுடைய வயிற்றின் வழியாக வந்து தும்பையின் உடம்பெங்கும் பரவியது. வெதுவெதுப்பான மூச்சு, புல் வாசனை, அந்த ராகம். "தூங்குடா செல்லம்... தூங்குடா தங்கம்..." தூங்கக் கூடாது, தூங்கக் கூடாது என்று தும்பை பல்லைக் கடித்தாள். காலையிலிருந்து ஓடிய கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கண் சொருகிவிட்டது.

கனவில் அவள் ஏரிக்கு அடியில் நடந்துகொண்டிருந்தாள். தாமரைத் தண்டுகள் மரங்களைப்போல் உயர்ந்து நின்றன. மேலே மீன்கள் பறந்துபோயின. நாணல் பள்ளத்தில் குட்டி சுருண்டு படுத்திருந்தாள். "அம்மா, நான் அசையவே இல்ல. நீ சொன்ன மாதிரியே இருக்கேன்" என்றாள். அவள் வாயிலிருந்து சொற்கள் குமிழி குமிழியாக வந்தன. தும்பை பக்கத்தில் போய் நின்றாள். குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தாள்.

கனவில் குட்டி குடிக்க, நிஜத்தில் மடி சுரந்துவிட்டது. பால் வழிந்து மையழகியின் முன்னங்காலை நனைத்தது.

"ஐயே! பயத்துல நனைச்சுட்டியா செல்லம்?" என்று மையழகி கொஞ்சலாகக் கேட்டாள். தன் காலை நக்கினாள். முனகல் சட்டென்று நின்றது.

மறுபடி நக்கிப் பார்த்தாள். ஆமாம், பால்தான். ஈன்றவளுக்கு இந்த வாசனை தப்புமா? எத்தனை கன்றுகளுக்குக் கொடுத்தவள் அவள்!

மையழகி இரண்டு கண்களையும் முழுதாகத் திறந்தாள். அவள் அப்படித் திறந்து ஈட்டியப்பன் பார்த்ததே இல்லை. தூங்குகிறவளின் தேய்ந்த குளம்பு, காதோரத் தழும்பு, பால் சொட்டுகிற மடி. மாலையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்த எல்லாம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தன.

"அம்மா," என்று மெதுவாக எழுப்பினாள். "அம்மா, எழுந்திருங்க. உங்க குட்டி எங்கே இருக்கு?"

தும்பை துள்ளி எழுந்தாள். "நாணல் பள்ளத்துல! நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தண்ணி கழுத்துக்கு வந்தாலும் எழுந்திருக்க மாட்டா. எங்க குட்டிங்க அப்படித்தான்!"

"ஏறுங்க!" என்றாள் மையழகி.

தும்பை ஏறினாள். யாரும் கூப்பிடாமலே ஈட்டியப்பனும் ஏறிக்கொண்டான். எருமை தண்ணீரில் பாய்ந்தாள். அன்று ராகம் இல்லை, முனகல் இல்லை. பனி இரண்டாகப் பிளந்து பின்னால் போனது. முகத்தில் அடிக்கிற நீரைத் துடைக்கக்கூட யாரும் அசையவில்லை. கரை எங்கே, வானம் எங்கே என்று தெரியாத அந்த வெள்ளைக்குள் தும்பை மட்டும் வழி சொன்னாள். "இடது பக்கம்! இன்னும் கொஞ்சம்! அதோ, சாய்ஞ்ச மருத மரம்!" அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் மையழகி திரும்பினாள்.

நாணல் பள்ளத்தில் நாணலின் நுனிகள் மட்டும்தான் தெரிந்தன. அவற்றின் நடுவே ஒரு சிறிய மூக்கு. அதற்குமேல் இரண்டு கண்கள். தண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது. ஆனாலும் குட்டி அசையவில்லை. அம்மா சொன்னாளே!

"வந்துட்டேன்! எழுந்து வா!" என்று தும்பை கத்தினாள்.

குட்டி எழுந்தாள். எழுந்த வேகத்தில் கால் வழுக்கி உள்ளே போய்விட்டாள். மையழகி தலையை நீருக்குள் விட்டாள். வெளியே எடுத்தபோது, வளைந்த கொம்பின் நடுவே நனைந்த இலைபோல் குட்டி தொங்கிக்கொண்டிருந்தாள். இருமினாள். பிறகு தும்மினாள். உயிர் இருந்தது.

மேட்டில் ஏறிய பிறகு தும்பை குட்டியை நக்கி நக்கி உலர்த்தினாள். மையழகி தள்ளியே நின்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இனிமே நான் ஒருத்தரையும் செல்லம்னு கூப்பிட மாட்டேன்!" என்றாள்.

"ஐயையோ! என்னையுமா?" என்று அலறினான் ஈட்டியப்பன். அவன் முட்கள் எல்லாம் நட்டுக்கொண்டன.

தும்பைக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணனைக் கூப்பிடுங்கக்கா. அவருக்குப் பிடிச்சிருக்கு. என்னைத் தும்பைன்னு கூப்பிடுங்க. யாரா இருந்தாலும், அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் மட்டும் கொஞ்சம் முழிச்சிருங்க."

மையழகி தலையாட்டினாள். பால் குடிக்கிற குட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தும்பை," என்றாள் கடைசியில். "பால் வழியாம இருந்திருந்தா, நான் உங்களை விட்டிருக்கவே மாட்டேன். விடியிற வரைக்கும் அணைச்சு வச்சிருப்பேன். தாலாட்டுப் பாடிக்கிட்டே வச்சிருப்பேன்."

தும்பை குட்டியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குழந்தைகளே, பெரியவர்களே, முன்பின் தெரியாதவரை எவ்வளவு ஆசையாக அழைத்தாலும், அவர் யார், என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்காத அன்பு அவரைச் சிறுமைப்படுத்தவே செய்யும்.