உழவாரன் குருவிக்குக் கோயில் சுவர் வீடான கதை

பறவைகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உழவாரன் குருவிக்கு நல்ல கால்கள் இருந்தன. சிட்டுக்குருவியைப் போல அதுவும் தரையில் தத்தித் தத்தி நடக்கும். களத்தில் இறங்கிப் பூச்சி பொறுக்கும். வரப்பில் நின்றுகொண்டு, போகிற வருகிறவரிடம் ஊர்ச் சேதி விசாரிக்கும்.

அப்போதுதான் சுக்கான்விளையில் மிக்கேல் சம்மனசுக்கு, அந்தத் தேவதூதருக்கு, வேதக்கோயில் கட்டினார்கள். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சேர்ந்து கட்டிய கோயில். வடக்குத் தெரு ஆண்கள் சுக்கான்கல் வெட்டி வண்டியில் கொண்டுவந்தார்கள். தெற்குத் தெருப் பெண்கள் கடற்கரை வரை நடந்து சிப்பி பொறுக்கி, காளவாசலில் நீற்றி, கருப்பட்டிப் பாகும் கடுக்காய்த் தண்ணீரும் ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்தார்கள். பதினோரு வருஷம் ஆயிற்று. பக்கத்துக்கு ஐந்து வளைவு, மேலே பனைவிட்டம், மேற்கு பார்த்த வாசலுக்கு மேல் மூன்றடுக்கு மணிக்கூண்டு. சுவர் இரண்டு முழக் கனம். உச்சி வெயிலில் உள்ளே போனால் குளத்தில் இறங்கினாற்போலக் குளிரும்.

கட்டியவன் கஸ்பார் கொத்தனார், வடக்குத் தெருக்காரன். அவனுடைய ஒரே அக்காள் கித்தேரியைத் தெற்குத் தெருவில் கொடுத்திருந்தது. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். கோயில் வேலை நடந்த வருஷமெல்லாம் அவனுக்கு மத்தியானக் கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் வரும்.

முதல் திருநாளன்றே வம்பு வந்தது. சப்பரத்தின் முன்தண்டை எந்தத் தெரு பிடிப்பது என்று கேள்வி. கல் கொடுத்தவர்கள் நாங்கள் என்றது வடக்கு. சுண்ணாம்பு இல்லாமல் உங்கள் கல் நிற்குமா என்றது தெற்கு. சப்பரம் வாசலைத் தாண்டவில்லை. இரண்டு தெருவுக்கும் பேச்சு அற்றுப்போயிற்று, கொள்வினை கொடுப்பினை நின்றது. கித்தேரியின் வீட்டிலிருந்து கஞ்சியும் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து இரண்டு தெருவும் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் ஒத்துக்கொண்டன. கோயிலுக்குள், வாசலிலிருந்து பீடம் வரை, நட்டநடுவே ஒரு சுவர். அவரவர் பக்கம் அவரவர் இருக்கலாம்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். எட்டு ஊருக்கு ஒருவரான சாமியார் அடுத்த கொடியேற்றத்துக்கு வருவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

“எங்கையால வேண்டாம் மாமா,” என்றான் கஸ்பார்.

வடக்குத் தெருப் பெரியவர் மொதேஸ்து சிரித்தார். “ஒங்கையால கட்டுன கோயிலுல்லா? வேற எவன் கை வைப்பான்?”

கஸ்பார் கட்டினான். காய்கிற சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். வடக்கு முகத்துக்கு வடக்குத் தெருப் பெண்கள் விட்டார்கள், தெற்கு முகத்துக்குத் தெற்குத் தெருப் பெண்கள். சில நாள் அந்தப் பக்கத்திலிருந்து செம்பு தரையில் வைக்கிற சத்தம் கேட்கும். அது அக்காளுடைய கை என்று அவனுக்குத் தெரியும். கூப்பிட வாய் வராது.

சாரம் கட்டக் கழி செருகிய இடங்களில் சுவரில் துளை விழும். வேலை முடிந்து கழியை உருவியதும் கல்சில்லு வைத்துக் காரை பூசி அடைத்துவிடுவார்கள். தெற்கு முகத்துத் துளைகளை அந்தத் தெரு ஆட்கள் உடனுக்குடன் பூசிவிட்டார்கள். வடக்கு முகத்தில், தோள் உயரத்தில் ஒரு துளையை அடைக்கப் போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கொத்தனாரே, கொஞ்சம் பொறும்.”

குனிந்து பார்த்தான். வைக்கோலும் இறகும் பரப்பி ஓர் உழவாரன் உட்கார்ந்திருந்தது.

“இங்க எதுக்கு வந்த? வரப்புல எடமில்லியா?”

“வரப்புல ரெண்டு தடவ முட்டை வச்சேன். ரெண்டு தடவையும் பாம்பு தின்னுட்டு. குஞ்சு பறக்குற வரைக்கும் இந்தப் பொந்தை எனக்கு விட்டுத் தாரும்.”

கஸ்பாருக்கு அந்தச் சுவர் முடிவதில் அவசரம் ஒன்றும் இல்லை. “சரி, ஒங்குஞ்சு பறந்த பெறகுதான் அடைப்பேன். இது வாக்கு,” என்றான்.

மேலே இன்னும் நான்கு வரி கல் ஏறியது. துளை அப்படியே இருந்தது. முட்டை பொரிந்து இரண்டு குஞ்சுகள் வந்தன. அவன் வேலை செய்யும்போது அவை உள்ளே கீச்சிடுவது கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே விடியும் முன் வேலைக்கு வந்தான்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மொதேஸ்து வந்து சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். துளைக்கு முன்னால் நின்றார்.

“ஏலே, இது என்ன?”

“குருவி குஞ்சு வச்சிருக்கு மாமா. பத்து நாளு போகட்டும்.”

“குருவியா? இல்ல, ஒங்க அக்காகூடப் பேசுறதுக்கு ஓட்டை வச்சிருக்கியா? தெருவுல அப்படித்தான் பேசுதாவ.” அவர் குரலை உயர்த்தவில்லை. “நான் பொழுது சாஞ்சு வாரேன். வரும்போது அடைச்சிருக்கணும்.”

கஸ்பார் காரையைக் குழைத்துக்கொண்டு துளைக்கு முன்னால் வந்தான். அப்போது துளையிலிருந்து ஒரு குருவி விருட்டென்று பறந்து வளைவுக்கு மேலே போயிற்று. தாய் போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குஞ்சுகளையும் கொண்டுபோயிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டான். உண்மையில் பறந்தது ஆண்குருவி; தாய் உள்ளே குஞ்சுகளை அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. கல்சில்லை வைத்தான். ஈரக் காரையை அள்ளி அப்பி, கரண்டியால் இழுத்து வழவழப்பாக்கினான். பிறகு கோயிலுக்கு வெளியே போய், கை கழுவாமல் உட்கார்ந்திருந்தான்.

பொழுது சாயும் நேரம். சுவருக்குத் தண்ணீர் விட வந்த கித்தேரியின் குரல் தெற்குப் பக்கத்திலிருந்து கேட்டது. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவை.

“தம்பி! ஏலே தம்பி! சுவத்துக்குள்ள என்னமோ கத்துதுடே!”

அவன் ஓடிப் போய்ச் சுவரில் காதை வைத்தான். மிக மெல்லிய குரல். கொத்தனாரே, கொத்தனாரே என்று அவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கரண்டியால் குத்தினால் குருவிமேல் படும். கையாலேயே தோண்டினான். மேல்வரிக் கல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தரையில் போட்டான். அந்தப் பக்கத்திலும் கல் பெயர்கிற சத்தம் கேட்டது. பச்சைச் சுண்ணாம்பு நகக்கண்ணில் ஏறி எரிந்தது. கடைசியில் காரைக்குள் அவன் விரல் இன்னொரு விரலில் இடித்தது.

“அக்கா?”

“நாந்தான். பேசாம நோண்டு.”

கித்தேரிதான் குருவியை வெளியே எடுத்தாள். குஞ்சுகளின் மேல் காரை விழாதபடி அது ஒரு பொழுது முழுவதும் இரண்டு கால்களாலும் ஈரச் சுண்ணாம்பை உந்திக்கொண்டே நின்றிருக்கிறது. கால்கள் வெந்து சுருங்கி, வயிற்றோடு ஒட்டிப்போயிருந்தன. ஒரு குஞ்சு இறந்துவிட்டது. மற்றதற்கும் கால் வெந்திருந்தது, உயிர் இருந்தது.

“வாக்குக் குடுத்தீரே, கொத்தனாரே,” என்றது குருவி.

கஸ்பார் சுண்ணாம்புக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இடிந்த சுவருக்கு மேலாகக் கையை நீட்டி, அக்காள் அவன் தலையைத் தொட்டாள்.

“நான் இனி எங்க எறங்குவேன்? நிக்கக் காலில்லியே,” என்றது குருவி.

“நீ எறங்கவே வேண்டாம்,” என்றான் கஸ்பார். “இந்தக் கோயில்ல எத்தனை பொந்து அடைச்சேனோ அத்தனையும் தொறந்து வைக்கேன். பாம்பு ஏறாத ஒசரம். அங்கேயே ஒட்டிக்கோ.”

மொதேஸ்து ஆட்களோடு வந்தபோது சுவர் இடுப்பளவுக்கு இறங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் தெற்குத் தெருவும் கூடிவிட்டது. திரும்பக் கட்டு என்றார் அவர். கஸ்பார் கரண்டியைக் கழுவித் துடைத்து அவர் காலடியில் வைத்தான்.

“கட்டுறவங்க கட்டுங்க மாமா. இந்தச் சுவத்துக்கு இனி எங்கை வராது.”

ஒருவரும் கரண்டியை எடுக்கவில்லை. மறுநாள் கொடியேற்றத்துக்கு இரண்டு தெருக்காரரும் அவரவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் எழுந்து நின்றபோது எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரிந்தது. உடனே ஒன்றும் சமாதானம் ஆகிவிடவில்லை. அடுப்புக்கு என்று ஒருத்தி ஒரு கல்லை எடுத்துப் போனாள். கல்லறை ஓரம் சரிந்ததென்று ஒருவன் நான்கு கல் எடுத்தான். கிணற்றுக்கு, தொழுவத்துக்கு என்று மூன்று மழைக்காலத்துக்குள் சுவர் கரைந்து போயிற்று. யார் கடைசிக் கல்லை எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. நடுத்தரையில் அடிக்கல் வரிசை ஒன்று மட்டும் கோடு மாதிரிக் கிடக்கிறது. பூசைக்கு வருகிற பிள்ளைகள் அதன்மேல் கால் மாற்றி வைத்து நடப்பார்கள்.

கஸ்பார் சொன்னபடியே ஏணி போட்டு, வெளிச்சுவரில் அடைத்த துளைகளையெல்லாம் திறந்தான். குருவி தன் குஞ்சோடு அங்கே குடியேறியது. அதற்குப் பிறகு அது எந்த மனிதரிடமும் பேசவில்லை.

அன்று முதல்தான் உழவாரன் மண்ணில் கால் வைப்பதில்லை. பறந்தபடியே இரை பிடித்து, எச்சிலால் கூட்டை ஒட்டிக் கோயில் சுவரிலேயே பிழைக்கிறது. அன்று முதல்தான் சுக்கான்விளையில் கோயிலுக்கு வெள்ளையடிக்க ஏணியில் ஏறுகிறவர்கள், வடக்குத் தெருக்காரரானாலும் தெற்குத் தெருக்காரரானாலும், ஒவ்வொரு துளைக்குள்ளும் முதலில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சுண்ணாம்பில் மட்டையை நனைக்கிறார்கள்.