தளவாய் மறந்துபோன ஓலைக்கட்டு

செம்பூர் நாட்டுத் தளவாய் வல்லபதேவர் மன்னரின் தங்கை புருஷன். கேட்கவா வேண்டும்! கோட்டைச் சுரங்கவழி எழுதிய இரகசிய ஓலைக்கட்டைப் படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போனவர், ஐந்து வருஷமாகத் திருப்பித் தரவில்லை. அவர் வீட்டு நெல்லறையில் ஓடு மாற்றிய கொத்தன் கண்ணில் அது பட்டு, விஷயம் சபைக்கு வந்துவிட்டது.

"மறந்துவிட்டேன் மன்னா. படைவேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஓலைக்காப்பாளன் அல்லவா கேட்டு வாங்கியிருக்க வேண்டும்?" என்றார் தளவாய்.

மன்னர் யோசித்தார். தங்கை முகம் நினைவுக்கு வந்தது. "சரி, காப்பாளன் மாதேவனின் வலக்கையை வெட்டுங்கள்."

மாதேவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாவம், எத்தனை முறை தளவாய் வாசலில் நின்று திரும்பியவன்!

அவைப் புலவர் நக்கனுக்கு இது பொறுக்கவில்லை. முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. நெல்லறைப் பரணில் இருந்ததையெல்லாம் அள்ளிவரச் சொன்னார்.

"தளவாய் அவர்களே, வேறு யாராவது அதைத் தொட்டிருந்தால்?"

"எப்படித் தொடுவான்? நெல்லறைச் சாவி என் இடுப்பைவிட்டு இறங்கியதே இல்லை."

"நீங்கள்?"

"ஐந்து வருஷமாக அந்தப் பரண் பக்கமே போகவில்லை."

"நல்லது." நக்கன் ஓர் ஓலையைத் தூக்கினார். பாதிக்குமேல் கரையான் தின்று, மிச்சம் கையிலேயே உதிர்ந்தது. "இது தங்கள் மகளின் ஜாதகம். மறந்த ஓலை இப்படித்தான் ஆகும்." அடுத்து இரகசியக் கட்டை மன்னரிடம் நீட்டினார். "இதைத் தடவிப் பாருங்கள், அரசே."

மன்னர் தடவினார். விரலை முகர்ந்தார். வேப்பெண்ணெய். நேற்றுப் பூசியதுபோல் ஈரம் காயவில்லை.

"ஓலைக்கு எண்ணெய் போடாவிட்டால் கரையான் விடாது. மறந்துபோன ஓலைக்கு மட்டும் இவர் மறக்காமல் போட்டிருக்கிறார்," என்றார் நக்கன்.

மாதேவன் மெல்ல எழுந்து, வலக்கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான்.

"இதற்கு என்ன தண்டனை, நக்கரே?" மன்னரின் குரல் கடுத்தது.

"குற்றம் இரண்டு, அரசே. இரகசிய ஓலையைப் பத்திரமாக ஒளித்தது ஒன்று, அதற்குச் சிறை. மகள் ஜாதகத்தைக் கரையானுக்குக் கொடுத்தது இன்னொன்று. அதைத் தங்கள் தங்கையே விசாரிக்கட்டும். இப்போதே வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்."

தளவாய் தடாலென்று மன்னர் காலில் விழுந்தார்.

"மன்னா! முதலில் சிறை!"